சாப்பாட்டு நேரத்துக் கதவு

டிக்சன் வீட்டில் சாப்பிடும்போது வாசல் கதவை அடைக்க மாட்டார்கள். தாது வருசப் பஞ்சத்தில் அவனுடைய முன்னோர் ஒருவர் நாசரேத்தில் கதவை அடைத்துக்கொண்டு கூழ் குடித்தாராம். காலையில் திறந்தபோது, வெளியே சாய்ந்திருந்த ஒருத்தி அப்படியே உயிரில்லாமல் உள்ளே விழுந்தாளாம். யாரென்று கடைசிவரை தெரியவில்லை.

கல்யாணமாகித் தூத்துக்குடி மாடி வீட்டுக்கு வந்த ஜெஸ்மிக்கு இது பெரும்பாடாக இருந்தது. படியேறிப் போகிறவர்கள் எல்லாம் அவள் தட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். காற்று சோற்றில் மண்ணைத் தூவியது. ஒரு வேளையாவது அடைத்த கதவுக்குள், தன் வீடு என்று உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வேறொன்றும் அவள் கேட்கவில்லை.

"பஞ்சம் போயி நூத்தம்பது வருசம் ஆச்சு அத்தான். இன்னுமா வந்து நிப்பாங்க?"

"ஏளா, கிண்டலா? சரி, இன்னைக்கி அடைச்சிக்கோ. எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிராத."

கதவை அடைத்ததும் வீடு தண்ணீருக்குள் இறங்கியது போலாயிற்று. சன்னலுக்கு வெளியே துறைமுகத்துக் கிரேன் சத்தமில்லாமல் திரும்பியது. மீன் முள்ளைத் தட்டோரம் வைப்பதுகூடக் கேட்டது. இரண்டு மூச்சுகளுக்கு நடுவே மூன்றாவதாக ஒரு மூச்சும் கேட்பதுபோல் இருந்தது.

கை கழுவிவிட்டுக் கதவைத் திறந்தாள். சாய்ந்திருந்த உருவம் ஒன்று உள்ளே சரிந்தது. டிக்சன் கையிலிருந்த செம்பு கீழே விழுந்து உருண்டது.

"அப்பா!"

சாத்தான்குளத்திலிருந்து மகளைப் பார்க்க வந்த ஞானையா, கதவில் சாய்ந்தபடியே கண்ணயர்ந்திருந்தார். மடியில் கருப்பட்டிப் பொட்டலம். கூச்சத்தோடு எழுந்தார்.

"பெல்லு இருக்குல்லா மாமா?"

"உள்ள சாப்பாட்டுத் தட்டுச் சத்தம் கேட்டுச்சு மாப்ள. சாப்பிடுத வீட்டுக் கதவைத் தட்டப்பிடாது. அவிய கை கழுவுத வரைக்கும் நிக்கணும். எங்க வீட்டுப் பழக்கம்."

"இந்தப் பழக்கம் எப்படிப்பா வந்துச்சு?"

"பஞ்சத்துல நம்ம ஆளுக நின்ன வாசலு கொஞ்சமாளா?" என்று சிரித்தார். "சோத்தப் போடு, பசிக்கி."

சிறுவயதில் அவளும் எத்தனையோ வாசல்களில் அப்படி நின்றிருக்கிறாள். அதை மரியாதை என்றே நினைத்திருந்தாள்.

காற்று மண்ணை அள்ளி வருவதைப் பார்த்து ஞானையாவே கதவை அடைத்துவிட்டு உட்கார்ந்தார். அவள் சோறு போட்டாள். அவர் முதல் கவளத்தை எடுத்தார். அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. போய்க் கதவை அகலத் திறந்து வைத்தாள்.

"நீதானளா அடைக்கணும்னே?" என்றான் டிக்சன்.

"ஆமா."

படிக்கட்டில் யாரும் இல்லை. சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, காற்று அப்பாவின் சோற்றில் படாதபடி, வாசலுக்கு முதுகைக் காட்டி அவர் எதிரே உட்கார்ந்துகொண்டாள்.