ஞாயிற்றுக்கிழமைச் சத்தியம்

தனபாலன் சேர் சட்ட மாணவர்களுக்குக் குண்டசாலையில் தன் வீட்டு ஹோலிலேயே வகுப்பு எடுப்பார். அன்று ரோமச் சட்டம். அடிமைக்கு விடுதலை கொடுக்கும் விதிகள். முன் வரிசைக் கதிரையில் உட்கார்ந்து நிரோஷினி கொப்பியில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள்.

"விட்டாலும் விட்ட மாதிரி இல்ல," என்றார் சேர். "எசமானுக்கு இத்தனை நாள் வேலை செஞ்சு தர்றேன்னு அவன் சத்தியம் பண்ணணும். அடிமையா இருக்கிறப்ப பண்ற சத்தியம் சட்டத்துல செல்லாது. அதனால விடுதலை கொடுத்த கையோட இன்னொரு தடவை வாங்கிருவாங்க. கெட்டிக்காரப் பயலுக!"

வகுப்பு சிரித்தது.

அந்த நேரம் பார்த்துத் தேத்தண்ணித் தட்டோடு இராஜகுமாரி வந்து நின்றாள். தேயிலைத் தோட்டத்திலிருந்து பன்னிரண்டு வயதில் இந்த வீட்டுக்கு வேலைக்கு வந்தவள், இப்போது இருபத்தாறு. திகனவில் உடுப்புத் தைக்கும் ஒரு கார்மெண்டில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. மறுநாள் காலை அடையாள அட்டையோடு போகாவிட்டால் இடம் பறிபோய்விடும். அட்டையோ எடுத்த நாளிலிருந்து சேரின் அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. நாலு பேர் முன்னால் கேட்டால் மறுக்கமாட்டார் என்று யோசனை சொன்னவள் நிரோஷினிதான்.

"ஐயா, என் ஐடென்டி கார்ட தந்தீங்கன்னா..."

சேர் முகம் சுளிக்கவில்லை. எழுந்து போய் அட்டையை எடுத்துவந்து அவள் கையில் வைத்தார். நிரோஷினிக்கு அப்பாடா என்றிருந்தது.

"இந்தா, நீ போகலாம். உன்னை யாரும் கட்டி வைக்கல," என்றவர், சாமிப் படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தினார். "ஞாயித்துக்கிழமை லீவுதானே? வாராவாரம் வந்து வீட்டு வேலைய முடிச்சுக் குடுக்கிறேன்னு இதை அணைச்சுச் சத்தியம் பண்ணு. நீ எங்க வீட்டுப் பிள்ளையில்ல?"

இராஜகுமாரி உள்ளங்கையால் கற்பூரத்தை அணைத்தாள். சேர் வகுப்பைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"கவனிச்சீங்களா? முதல்ல கையில கொடுத்தாச்சு. பிறகுதான் சத்தியம்."

மறுபடியும் சிரிப்பு. ஒருத்தன் அதைக் குறித்தும் கொண்டான்.

நிரோஷினிக்கு என்றோ செத்துப்போன எசமான்கள் மீது வராத அருவருப்பு, சலவைச் சட்டையோடு சிரித்து நிற்கும் இந்த மனிதன் மீது வந்தது. அதைவிடத் தன் மேல் வந்தது. யோசனை சொன்ன வாய் இதுதானே! சீ என்று கொப்பியை மூடிவிட்டு வெளியே வந்தாள்.

சற்று நேரத்தில் உடுப்புப் பையோடு வாசல் கேற்றடிக்கு வந்த இராஜகுமாரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போயிருங்க. ஞாயித்துக்கிழமையாவது மண்ணாங்கட்டியாவது! அந்தச் சத்தியத்தை எந்தக் கோர்ட்டும் கேக்காது. இனி இந்தப் பக்கமே வராதீங்க."

"கோர்ட்டு கேக்காது மிஸ். சாமி கேக்குமே," என்றாள் இராஜகுமாரி. பிறகு பையைக் கீழே வைத்தாள். "எத்தனை மணிக்கு வரணும்னு கேக்க மறந்துட்டேன். இருங்க, கேட்டுட்டு வந்துர்றேன்."

அவள் வீட்டுக்குள் போனாள்.