படியேற முடியாதவருக்கு ஒரு பிறை

நோன்புக் கஞ்சி குடித்து அந்திநேர மஃரிப் தொழுததும் அஜீசா செல்போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினாள். அன்று இருபத்தொன்பதாம் நோன்பு. மேற்கே பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரிந்தாலும் அது வெகுநேரம் தங்காது.

கீழே அவள் கணவர் முதாசிர் கட்டிலில் கிடந்தார். ஸ்கூட்டரில் சறுக்கி விழுந்ததில் வலது காலில் மாவுக்கட்டு. விவரம் தெரிந்த நாளிலிருந்து பெருநாள் பிறையைத் தம் கண்ணால் பார்க்காமல் விட்டதில்லை அவர். "பள்ளிவாசல்ல சொன்னா போதும்மா" என்று வாய்தான் சொன்னது. முகம் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே இருப்பதோ அடுத்த வீட்டுச் சுவர்.

பிறையைப் படமெடுத்துக் கொண்டுபோய்க் காட்டிவிடுவது என்று அஜீசா தீர்மானித்திருந்தாள். தாம்பரத்தில் சனிக்கிழமைதோறும் நடக்கும் செல்போன் புகைப்பட வகுப்பில் அவள் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. இருட்டில் படமெடுப்பது இன்னும் கைவரவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் அவள் எடுத்த படங்களில் பஸ் விளக்குகள் எல்லாம் தோசை மாவாகப் பரவிக் கிடந்தன.

இரும்புலியூர் மாடிகளுக்கு மேலே பிறை நூலாக வளைந்து நின்றது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி, ஒரு படம் எடுத்துக்கொண்டு கீழே ஓடினாள்.

முதாசிர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, பெருநாளே இன்னும் வரல, அதுக்குள்ள பௌர்ணமியா?"

அவர் சொன்னது சரிதான். தெருவும் மாடிகளும் பட்டப்பகல் போலத் தெரிந்தன. பிறை மட்டும் உப்பி வெள்ளை உருண்டையாகியிருந்தது. அஜீசாவும் சிரித்தாள், ஆனால் கண் கலங்கியது.

"கிண்டலுக்குச் சொன்னேன். விடும்மா, கால் வலிக்கப் போகுது."

அவள் விடவில்லை. மறுபடி மாடிக்குப் போனபோது பிறை புது அபார்ட்மெண்டின் பின்னால் இறங்கியிருந்தது.

பக்கத்து மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த தனம் எட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா, மேலயும் கீழயும் ஓடிக்கினு கீற?"

அஜீசா விஷயத்தைச் சொன்னாள்.

"இதுக்கா இந்த பேஜாரு? எங்க வூடு ஒரு மாடி ஒசரம். சீக்கிரம் வாக்கா."

தனத்தின் மாடியில் விளக்கடியில் உட்கார்ந்து அவள் கணவன் துரை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பிறை தெரிந்தது. ஆனால் விளக்கு கண்ணில் அடித்தது.

"யோவ், அந்த லைட்ட அணை."

"துன்னுகினு கீறேன்டி!"

"இருட்டுல வாய் எங்க கீதுன்னு தெரியாதா உனக்கு?"

துரை எட்டி விளக்கை அணைத்தான்.

அஜீசா திரையில் பிறையின்மேல் விரலை வைத்தாள். பக்கத்தில் சூரியன் போல ஒரு குறி வந்தது. அதைக் கீழே இழுத்தால் படம் இருட்டும். "எல்லாத்தையும் காட்டணும்னு நினைக்காதீங்கம்மா" என்று வகுப்பில் காலேப் சார் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அவள் தலையாட்டுவாள், செய்ய மாட்டாள். இருட்டான படம் தோற்ற படம் என்றே அவளுக்கு நினைப்பு.

இப்போது இழுத்தாள். தெரு போயிற்று. தென்னைமரம் போயிற்று. துணிக்கொடியும் போயிற்று. பிறையையும் தொலைத்துவிடுவோமோ என்று பயமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். கறுப்பு வானத்தில் பிறை மட்டும் இளைத்து, கூராக, பிறையாகவே நின்றது.

திரையில் பிறை ஆடியது. தனம் அவளுடைய இரண்டு முழங்கைகளையும் தாங்கிப் பிடித்து, தானும் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

அவள் எடுத்துக்கொண்டு வந்து நீட்டிய படத்தைப் பார்த்து முதாசிர் இந்த முறை கிண்டல் செய்யவில்லை.

"இப்படியா இருந்துச்சு?"

"இப்படியேதாங்க."

படத்தில் பார்த்தால் பார்த்ததாகுமா என்று அவர் முகத்தில் ஒரு தயக்கம். அதற்குள் பக்கத்து மாடியிலிருந்து தனத்தின் குரல் இறங்கியது.

"அக்கா! பாய் பாத்துட்டாரா? லைட்ட போடலாமா? இந்தாளு கொழம்ப சட்டையில ஊத்திக்கினாரு!"

முதாசிர் கட்டில் அதிரச் சிரித்தார். "பார்த்துட்டேன்மா! போடு, போடு!" என்று கத்தினார்.

பிறகு கைகளை ஏந்தி, இந்தப் பிறையை எங்களுக்கு நிம்மதியோடும் ஈமானென்னும் இறைநம்பிக்கையோடும் கொண்டுவா என்று துஆ ஓதினார். 'எங்களுக்கு' என்ற இடத்தில் அஜீசா பக்கத்து வீட்டையும் மனதுக்குள் சேர்த்துக்கொண்டு, ஆமீன் சொன்னாள்.