முப்பத்தொன்றாம் பக்கம்

பேச்சைக் குறைப்பதற்கும் சலூன்காரருக்கும் ஏழாம் பொருத்தம். அதிலும் மனைவியைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டால், கத்தரிக்கோல் அப்படியே அந்தரத்தில் நின்றுவிடும். "என் வீட்டுக்காரி படக்கதைப் புத்தகம் போடுறா சார். காகிதத்துல இல்ல, ரீடர்னு கைக்கடக்கமா ஒரு திரை இருக்குல்ல, அதுல படிக்கிறது. வரையிறது, கட்டம் பிரிக்கிறது, எழுத்து வைக்கிறது, எல்லாம் அவ ஒருத்தியே" என்று ஆரம்பிப்பார். பாதி வெட்டிய தலையோடு எழுந்து ஓடவா முடியும்? கேட்டுத்தான் ஆகவேண்டும்.

அவளுடைய முதல் புத்தகம் அது. இரண்டு வருட உழைப்பு. எல்லாம் முடிந்து வெளிவரப்போகிற நேரத்தில், பதிப்பகத்து அம்மாள் முப்பத்தொன்றாம் பக்கத்தில் முட்டுக்கட்டை போட்டுவிட்டார்.

கதை ஒன்றும் பெரிய சிக்கலானது இல்லை. சண்டை போட்டு ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்ட ஒரு தாயும் சின்ன மகளும் லிஃப்டில் ஏறுகிறார்கள். நடுவழியில் மின்சாரம் போய் லிஃப்ட் நின்றுவிடுகிறது. முப்பத்தொன்றாம் பக்கத்தில் நான்கு கட்டங்கள்; திரையைத் தட்டத் தட்ட ஒவ்வொன்றாக வரும். முதல் மூன்றும் முழுக் கறுப்பு. ஒரு சொல் கிடையாது. நான்காவதில், அபாய மணியின் பொத்தானைத் தேடித் துழாவிய மகளின் விரல், அங்கே ஏற்கெனவே இருக்கும் அம்மாவின் கைமேல் படுகிறது.

"மூணு கட்டம் கறுப்பா வந்தா ரீடர் நின்னுபோச்சுன்னு நினைப்பாங்க. எடுத்துடுங்க" என்றார் பதிப்பகத்து அம்மாள் போனில்.

"அந்த இருட்டுதான் மேடம் கதையே. அத எடுத்துட்டா ரெண்டு பேரு லிஃப்ட்ல போயிட்டு வந்த கதை ஆயிடும்."

"அப்ப படிக்கிறவங்க அங்க நிக்கிறாங்கன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள காட்டுங்க. இல்லன்னா அந்தப் பக்கம் கிடையாது."

எப்படிக் காட்டுவது? ரீடரில் படிக்கிறவர் எங்கே நிற்கிறார், எங்கே தாண்டுகிறார் என்று வரைந்தவளுக்கு எப்படித் தெரியும்? அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். சலூன்காரர்தான், "இதுக்குப் போயா? ரீடர என்கிட்ட குடு. என் கடையில நாற்காலின்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றார்.

திங்கட்கிழமை கடைக்கு வந்தவர்கள் கையிலெல்லாம் ரீடரைத் திணித்தார். தோளுக்கு மேலாகப் பார்த்தால் பக்கம், கண்ணாடியில் பார்த்தால் முகம். எந்தப் பதிப்பகத்துக்கு உண்டு இந்த வசதி? லாரி டிரைவர் எட்டாம் பக்கத்தில் வாய்விட்டுச் சிரித்தார். மருந்துக்கடைக்காரர் பன்னிரண்டாம் பக்கத்தில், "இவல்லாம் ஒரு அம்மாவா?" என்று திட்டினார். சலூன்காரருக்குப் பெருமை பிடிபடவில்லை.

முப்பத்தொன்றாம் பக்கம் வந்தது. டிரைவர் ரீடரைக் குலுக்கினார். டக் டக்கென்று ஐந்தாறு முறை தட்டினார். கறுப்பும் போயிற்று, அந்தக் கையும் போயிற்று. முப்பத்திரண்டாம் பக்கத்தில் போய் விழுந்தார். மருந்துக்கடைக்காரர், "சார்ஜ் போடலையாப்பா?" என்று திருப்பியே கொடுத்துவிட்டார். சாயந்தரத்துக்குள் ஏழு பேர். ஆறு பேருக்கு அந்தக் கை கண்ணில் படவேயில்லை. ஏழாமவர் தூங்கிவிட்டார், அவரைச் சேர்த்துக்கொள்ள முடியாது.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே நடந்தார்.

"நல்லாதான் படிச்சாங்க" என்றார் செருப்பைக் கழற்றிக்கொண்டே.

"முப்பத்தொண்ணு?"

"அதுவும்... பார்த்தாங்க."

"ஏங்க, உங்களுக்குப் பொய் சொல்ல வராது. எதுக்கு வீணா கஷ்டப்படுறீங்க?"

சொல்லிவிட்டார். குலுக்கியது, தட்டியது, சார்ஜ் கேட்டது, எல்லாவற்றையும். அவள் கண் கலங்கிவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள். பிறகு பென்சிலைத் தேடி எடுத்தாள். "முதல் கறுப்புலயே தட்டுனாங்களா, ரெண்டாவதுலயா? குலுக்குனது தட்டுறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்து, "அவங்க மேல தப்பு இல்லங்க. நான் இருட்ட வரையல, கறுப்ப ஊத்தி வெச்சிருக்கேன். அணைஞ்சுபோன திரைக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?" என்றாள். இத்தனை நாள் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தாரே, அது எதுவும் இந்த ஒரு நிமிடத்துக்குக் காணாது என்று அவருக்குத் தோன்றியது. தன் தப்பைத் தானே பிடித்துப் போடுகிற ஆளையல்லவா கட்டியிருக்கிறோம் என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று.

மூன்று நாள் மேசையை விட்டு அவள் எழவில்லை. முதல் கட்டத்தின் கறுப்பைக் கொஞ்சம் வெளுக்கவிட்டாள். கதவின் விளிம்பு தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. மூலையில் கடுகளவு சிவப்பு வெளிச்சம், மணிப் பொத்தான். இரண்டாவதில் அதை நோக்கி ஒரு சின்ன விரல். மூன்றாவதை மட்டும் பழையபடி முழுக் கறுப்பாகவே விட்டுவைத்தாள்.

வெள்ளிக்கிழமை பதிப்பகத்து அம்மாளே கடைக்கு வந்தார். அவரும் சலூன்காரரின் மனைவியும் சுவரோரத்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். புதிய பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு கறுப்பு இருக்கே" என்றார் அம்மாள்.

"இருக்கட்டும் மேடம். படிக்கிறவர பாருங்க" என்றாள் அவள்.

நாற்காலியில் கணக்கு வாத்தியார். பன்னிரண்டு வருடமாக இந்தக் கடையில் முடி வெட்டிக்கொள்கிறார், ஒரு நாளாவது நன்றாயிருக்கிறது என்று சொன்னவர் இல்லை. போயும் போயும் இவரா இன்றைக்கு வாய்க்கவேண்டும் என்று சலூன்காரர் நொந்துகொண்டார். எட்டாம் பக்கத்தில் வாத்தியார் சிரிக்கவில்லை. பன்னிரண்டில் முகம் மாறவில்லை. முப்பத்தொன்று வந்தது. முதல் கட்டம், இரண்டாவது கட்டம். மூன்றாவதில் திரை முழுக்க இருண்டது. தட்டத் தூக்கிய கட்டைவிரல் அப்படியே நின்றது. கத்தரிக்கோலும் நின்றது.

வாத்தியார் ரீடரை மூக்கருகே கொண்டுபோனார். "வெளிச்சத்த யாரோ மறைச்சுட்டாங்க" என்றார், தனக்குத்தானே. பிறகு மெதுவாக ஒரே ஒரு தட்டு. அம்மாவின் கை வந்தது.

"சார், தலைய கொஞ்சம் சாய்ங்க" என்றார் சலூன்காரர்.

"இருப்பா கொஞ்சம்" என்று வாத்தியார் முதல் கட்டத்துக்குத் திரும்பிப் போய், நான்கையும் இன்னொரு முறை பார்த்தார்.

பதிப்பகத்து அம்மாள் எழுந்தார். "அந்தக் கறுப்புல கை வைக்காதீங்க. அப்படியே போகட்டும்."

வாத்தியார் போர்த்திய துணியோடு நாற்காலியைத் திருப்பினார். "யாரு வரைஞ்சது இது?"

சலூன்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். அதற்குள் அவள் எழுந்து முன்னால் வந்துவிட்டாள்.

"நான்தான் சார்" என்றாள். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

சலூன்காரருக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. மீதி முடியை வெட்டிக்கொள்ள வாத்தியார் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று.