நெட்டையனை உள்ளே அனுப்புவது

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. தொலைக்காட்சியில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தலையில் அடிபட்டு விழுந்தவனின் முகத்தில் தண்ணீர் தெளித்து, முதுகில் தட்டி, மறுபடி ஆட்டத்துக்குள் தள்ளினார்கள். கூட்டம் கைதட்டியது. ரிமோட்டை விட்டெறிந்தேன். அது சன்னல் வழியே போய் எதிர்வீட்டுத் தொலைக்காட்சியை அணைத்தது. (நம்பாதவர்கள் வேறு கதைக்குப் போகலாம்.)

2

"பூட்டு என்று பேரெடுத்த தடுப்பாட்டக்காரர் ஒரு பொன்மாலைப் பொழுதில்..."

இப்படித் தொடங்க வேண்டாம். பொன்மாலையில் யாருக்கும் மண்டை வலிக்காது.

அவரைத் தாண்டி யாரும் பந்தைக் கொண்டுபோக முடியாது, அதனால் பூட்டு. இப்போது பயிற்சியாளர். வந்த பந்தையெல்லாம் தலையால் முட்டியவர். ஒருமுறை முட்டிய பந்து இறங்கவே இல்லை. நடுவர் அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்து ஆட்டத்தை முடித்துக்கொண்டார். (இது புளுகு. அடுத்தது புளுகில்லை.) தன் கல்யாணம் அவருக்கு நினைவில்லை. மனைவி சொல்லச் சொல்ல, யார் வீட்டு விசேஷமோ என்பதுபோலக் கேட்டுக்கொள்வார். "சாப்பாடு நல்லா இருந்துச்சா?" என்பார்.

3

பருவத்தின் கடைசி ஆட்டம். தோற்றால் கிளப் கீழ்ப்பிரிவுக்கு இறங்கும், பூட்டுக்கு வேலை போகும். இன்னும் கோல் இல்லை. மாற்று ஆட்டக்காரர்கள் தீர்ந்துவிட்டார்கள். அவருடைய தடுப்பாட்டக்காரன் நெட்டையன் எதிராளியோடு மண்டை மோதி விழுந்தான். எழுந்து, நேராக எதிரணிப் பயிற்சியாளரிடம் போய், "சார், நான் எங்க நிக்கணும்?" என்று கேட்டான்.

பூட்டு அவனை இழுத்துவந்து பெஞ்சில் உட்கார வைத்தார். கிளப் செயலாளர் பாய்ந்து வந்தார். பத்துப் பேரை வைத்துக்கொண்டு என்னத்தைக் கிழிப்பது என்றார். அவனே சரி என்கிறானே என்றார். கடைசியில், "உங்களையும்தான் அப்ப தண்ணி தெளிச்சு இறக்குனாங்க. நல்லாத்தானே இருக்கீங்க?" என்றார்.

எனக்கு எழுதக் கை அரித்தது. நெட்டையன் ஈரத்தலையோடு உள்ளே பாய்ந்து, எல்லோருக்கும் மேலே எழும்பி, நெற்றியால்—

பூட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஐயா, உங்க தலையில எத்தனை பந்து பட்டிருக்கு?"

ஒன்றுகூட இல்லை என்றேன்.

"அப்ப பேனாவை மூடுங்க."

4

மூடிவிட்டேன்.

எதிரணி கார்னர் அடிக்கப்போகிறது. நெட்டையன் நிற்க வேண்டிய இடம் காலி. செயலாளர் இன்னும் கத்திக்கொண்டிருக்கிறார். பந்தைக் கோலுக்குள் விடுவதோ வெளியே தள்ளுவதோ இனி, வாசகரே, உங்கள் பாடு. பூட்டின் வேலையைப் பறிப்பதென்றால் பறித்துக்கொள்ளுங்கள், அவர் அதற்குத் தயாராகத்தான் நிற்கிறார். அந்தக் காலி இடம் உறுத்தினால் செயலாளரை இறக்குங்கள். ஆள் திடகாத்திரமாகத்தான் இருக்கிறார்.