பத்து நிமிட ஜெனரேட்டர்

அக்காவின் பின்னறை இன்குபேட்டரில் இருநூறு முட்டைகள். பத்தொன்பதாம் நாள்; இன்னும் இரண்டு நாளில் பொரிய வேண்டும். மதியம் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் பத்து நிமிடம் ஓடியது, இருமியது, நின்றது. போன மாதமும் இப்படித்தான் ஒரு ஈடு முட்டை முழுவதும் செத்தது.

தங்கை மெக்கானிக். தண்ணீர் பம்ப், புல் வெட்டும் மெஷின் என்று கிழட்டு இன்ஜின்களைப் பிரித்தே பிழைப்பவள். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினாள். உள்ளே சளி போலப் பச்சையாக ஏதோ உறைந்திருந்தது. அதில் இரண்டு எறும்புகள் ஒட்டிக் கிடந்தன.

"இதை எத்தனை வருஷமாக் கழுவல?"

"நான் முட்டையைப் பாப்பேனா, இதைப் பாப்பேனா?" என்றாள் அக்கா.

தங்கை அதைச் சுரண்டினாள். பெட்ரோல் பாயும் சிறு குழாயான ஜெட்டை வாயில் வைத்து ஊதினாள். நாக்கில் ஒட்டிய கசடு மூன்று முறை துப்பியும் போகவில்லை. பழைய பெட்ரோலைக் கொட்டிப் புதிது ஊற்றிக் கயிற்றை இழுத்தாள். ஓடியது. பத்தாவது நிமிடம் மறுபடி இருமல்.

முப்பத்தேழு டிகிரிக்கு மேல் நிற்க வேண்டிய இன்குபேட்டரின் முள் முப்பத்தைந்துக்கு இறங்கியிருந்தது.

ஜெனரேட்டருக்கு நேர் மேலே இருந்த மாடி ஜன்னலில் அத்தானின் தலை தெரிந்தது. தூக்கம் கலைந்த முகம்.

"மெக்கானிக்கம்மா, இருந்த உசுரையும் எடுத்துட்டியா?"

"நீங்க தூங்குங்க அத்தான்."

"போன தடவையும் உங்க அக்கா பெட்ரோல் ஊத்த மறந்துட்டா. முந்நூறு முட்டை போச்சு."

ஒரு மாதமாகச் சொந்தக்காரர்களிடமெல்லாம் அவர் சொல்லிவரும் கதை. அக்காவே அதைப் பாதி நம்பிவிட்டாள்.

பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க மெக்கானிக் டேங்க் மூடியைத் திருகினாள். உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. அவள் கை அப்படியே நின்றது. மூடியைத் திறந்தே வைத்து இன்ஜினைக் கிளப்பினாள். இருபது நிமிடம் ஓடியது. மூடினாள். சற்று நேரத்தில் இருமல்.

மூடியைக் கவிழ்த்துப் பார்த்தாள். நடுவில் இருக்க வேண்டிய ஊசித் துவாரத்தில் ரோஸ் நிறத்தில் ஏதோ அப்பியிருந்தது. நகத்தால் கீறி முகர்ந்தாள். குளியல் சோப்பு. பெட்ரோலோடு கலந்த பூ வாசனை குமட்டியது.

"பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காத்து வரணும்க்கா. இல்லேன்னா இன்ஜின் மூச்சு முட்டி நின்னுடும். ஓட்டையை யாரோ அடைச்சிருக்காங்க."

அக்கா நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள்.

"அந்த பெட்ரோல் நாத்தத்துல மனுஷன் படுக்க வேணாமா?" என்றார் அத்தான். "சோப்பு பெட்ரோல்ல கரையாது, தெரியுமா? யோசிச்சுத்தான் வச்சேன்."

"எப்ப வச்சீங்க?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

குரலில் கூச்சமே இல்லை. நாக்கில் இருந்த கசடே தேவலை என்று தோன்றியது மெக்கானிக்குக்கு. கம்பியால் துவாரத்தைக் குத்தி எடுத்தாள். மூடிய பிறகும் இன்ஜின் சீராக ஓடியது.

அத்தான் ஜன்னலைச் சாத்தப் போனார்.

"சாத்தாதீங்க," என்றாள் அக்கா. "இறங்கி வாங்க. குஞ்சு பொரியற வரைக்கும் இதுக்குப் பக்கத்துல உக்காந்து பெட்ரோல் ஊத்தறது நீங்கதான்."

"எனக்கு அந்த வாடை ஒத்துக்காதும்மா."

"முந்நூறும் அழுகி வெடிச்சப்ப வெறுங்கையால வாரினேன். எனக்கு ஒத்துக்கிச்சா?"

மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு அத்தான் இறங்கி வந்தார். மெக்கானிக் அவர் சட்டை தன்மேல் படாதபடி நகர்ந்து வழிவிட்டாள்.

உள்ளே அக்கா ஒரு முட்டையை எடுத்து, குஞ்சு அசையும் சத்தம் கேட்கிறதா என்று காதோடு வைத்தாள். அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.