தர்மராஜ் சுடாத பன்றி

துப்பாக்கியின் மரக்கட்டையை மாற்றாமலே விட்டிருக்கலாம் என்று தர்மராஜுக்குப் பிற்பாடு பல தடவை தோன்றியது. பழைய கட்டையில் பிடிக்குப் பக்கத்தில் ஒரு விரிசல், அவ்வளவுதான். செம்புக் கம்பியைச் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தார்.

ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்த் தண்ணீரில் நெல் போடுகிறார். பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் எடுத்து வைத்திருந்த, ஒவ்வொரு குண்டுக்கும் பிடியை இழுத்துத் தள்ளும் அந்த போல்ட் துப்பாக்கிக்கு, வானத்தைப் பார்த்து வெடி போடுவதைத் தவிர இத்தனை வருடத்தில் வேலை இருந்ததில்லை. அந்த வருடம் காட்டுப்பன்றிகள் வயலுக்கு வயல் இறங்கி உழுது போட்டன. வனத்துறையினர் சுட வரும்போது துப்பாக்கி உரிமம் உள்ள உள்ளூர்க்காரர் ஒருவரும் உடன் இருக்கட்டும் என்று முடிவானபோது, ஊரில் எல்லாரும் தர்மராஜ் பெயரைத்தான் சொன்னார்கள். பட்டாளத்தில் குறிபார்த்துச் சுடுவதில் அவர் வாங்கிய கோப்பை வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருந்தது.

வானத்தைச் சுடுவது வேறு, ஓடுகிற பன்றியைச் சுடுவது வேறு. துப்பாக்கியை மதுரையில் அப்துல் குத்தூஸ் என்பவரின் பட்டறைக்குக் கொண்டுபோனார். குத்தூஸ் வால்நட் மரத்தில் புதுக் கட்டை செதுக்கினார், மேலே தொலைநோக்கி பூட்டினார், விசையை இலகுவாக்கினார். குழலும் போல்ட்டும் மட்டுமே பழையதாக மிஞ்சின.

கைவிட்டுக் கிடந்த செம்மண் குவாரியில், வனத்துறை அதிகாரியான வனவர் முன்னிலையில் சுட்டுப் பார்த்தார். அட்டையில் எல்லாத் தோட்டாக்களும் ஒரே இடத்தில் துளைத்திருந்தன. வனவர் கை கொடுத்தார்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. மழை விட்ட ஒரு காலையில் மறுபடி சுட்டபோது எல்லாம் இடப்பக்கம் விலகி விழுந்தன. தொலைநோக்கியின் திருகைத் திருப்பி நேராக்கினார். வெயில் காய்ந்த ஒரு மதியம் சுட்டால் வலப்பக்கம் போயிற்று. மறுபடி திருப்பினார். அடுத்த மழைக்கு மறுபடி இடப்பக்கம். ஒரே ஆள், ஒரே துப்பாக்கி, ஒரே தூரம். எதை நம்புவது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

கண்ணாக இருக்குமோ என்று இராமநாதபுரத்தில் டாக்டரிடம் காட்டினார். கண் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அது இன்னும் குழப்பியது. வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, தண்ணீர் நிறைந்த டம்ளரைக் கை நீட்டிப் பிடித்து, தண்ணீர் ஆடுகிறதா என்று பார்த்தார். ஆடுவது போலவும் இருந்தது, ஆடாதது போலவும் இருந்தது.

மதுரைக்கே மறுபடி எடுத்துப் போனார். குத்தூஸ் எல்லாத் திருகையும் கழற்றி மாட்டி, சில நாள் பட்டறையிலேயே வைத்திருந்து, தான் சோதித்துப் பார்க்கும் இடத்தில் சுட்டார். நேராகப் போயிற்று. அவருக்கும் ஒன்றும் புரியவில்லை. சுடும்போது மூச்சைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். பஸ்ஸில் திரும்பி வரும்போது தர்மராஜ் தன் மூச்சை எண்ணிக்கொண்டே வந்தார்.

அன்று சாயங்காலம் அவருடைய மனைவி கனகலட்சுமி கொல்லைக் கதவைக் காலால் எத்தி மூடிக்கொண்டிருந்தாள்.

"மழைக்கு ஊறிப்போயி எந்தக் கதவும் சாத்த மாட்டேங்குது. உங்க துப்பாக்கியிலயும் மரந்தானங்க இருக்கு?" என்றாள்.

அவர் ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே செருகி இழுத்தார். பாதி தூரத்தில் மாட்டிக்கொண்டது. ஈரத்தில் உப்பிய மரம் குழலை ஒரு பக்கமாக நெட்டிக்கொண்டிருந்தது. பட்டறைக்குள் காய்ந்து கிடந்த நாட்களில் அது சுருங்கியிருக்கிறது. குத்தூஸிடம் போனில் சொன்னபோது உடனே கொண்டு வாங்க அண்ணே என்றார். மரத்தை இழைத்து இடைவெளி விட்டு, எண்ணெய் ஏற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகு மழை நாளிலும் குண்டு நேராகப் போயிற்று.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் குறி சரியாக விழும்போதெல்லாம், இது துப்பாக்கியா நானா என்ற கேள்வி வந்தது. அந்த மழைக்கால வாரங்களில் தன்னைப் பற்றி நினைத்ததையெல்லாம் எந்தப் பட்டறையில் கொடுத்து இழைப்பது?

மார்கழியில் ஒரு பொழுது சாயும் வேளை. பன்றி சுடுகிறார்கள், யாரும் வயல் பக்கம் போக வேண்டாம் என்று மதியமே ஊருக்குள் சொல்லியாகிவிட்டது. பம்புசெட் அருகே வரப்பில் வனவரும் வனக்காவலர் இருவரும் தர்மராஜும் படுத்திருந்தார்கள். வெளிச்சம் இன்னும் இருந்தது. நாணல் புதரை ஒட்டிப் பெரிய பன்றி ஒன்று வெளியே வந்தது. வனவர் தர்மராஜின் தோளைத் தொட்டார்.

தொலைநோக்கியில் பன்றியின் தோள்பட்டை அசையாமல் நின்றது. அதன் முதுகு மயிர்கூடத் தெரிந்தது. விரல் விசைமேல் இருந்தது. இழுக்கவில்லை. வனவர் மறுபடி தொட்டார். தர்மராஜ் துப்பாக்கியைத் தாழ்த்தினார். பன்றி தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு நெல்லுக்குள் பாய்ந்து மறைந்தது.

ஏன் சுடவில்லை என்று வனவர் அடிக்குரலில் கடிந்துகொண்டிருந்தபோதே, நாணலுக்குப் பின்னால் யாரோ எழுந்து நின்றார்கள். பக்கத்து வயல்காரி முத்தழகு, கையில் மண்வெட்டியோடு. மகள் வீட்டுக்குப் போயிருந்து அப்போதுதான் பஸ்ஸில் வந்து இறங்கியவள். ஊருக்குள் போகாமல் நேராக மடை திறக்க வந்து குனிந்திருந்திருக்கிறாள். பன்றி நின்ற இடத்துக்கு நேர் பின்னால்.

வனவர் தர்மராஜின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லவேளை சார், நீங்க பாத்தீங்க."

"நான் பாக்கல சார்."

அதிர்ச்சியில் பேசுகிறார் என்று வனவர் எடுத்துக்கொண்டார். ஊரார் அதை அவருடைய அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். மங்கிய வெளிச்சத்தில் நாணலுக்குள் ஆளைக் கண்டுபிடித்த கண் என்று டீக்கடையில் பேசினார்கள். மறுநாள் முத்தழகு பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, அண்ணே அண்ணே என்று அழுதாள். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் போன பிறகு கனகலட்சுமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நெசமாவே பாக்கலியா?"

"கறுப்பா ஏதோ அசைஞ்ச மாதிரி இருந்துச்சு. அது அப்பவே தெரிஞ்சுச்சா, அவ எந்திரிச்ச பெறகு நானா நெனைச்சுக்கிட்டேனா, தெரியல."

"சுடலைல்ல. அது போதும்."

"அவளைப் பாத்து நிறுத்தியிருந்தா சரி. என்மேல நம்பிக்கை இல்லாம நிறுத்தியிருந்தா? அப்ப அன்னைக்கி எனக்குத் தைரியம் இருந்திருந்தா அவ செத்திருப்பா."

கனகலட்சுமி அவர் முழங்கை மேல் கையை வைத்தாள்.

அடுத்த முறை வனத்துறையினர் வந்தபோது முதலில் தர்மராஜைத்தான் கூப்பிட்டார்கள். போனார், துப்பாக்கியை எடுத்துக்கொள்ளவில்லை. சுடுவதற்கு முன்னால் வயலில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன், அது மட்டும் என் வேலை என்றார். வனவருக்குக் காரணம் விளங்கவில்லை, ஆனாலும் சம்மதித்தார். வெளிச்சம் மங்குவதற்குள் தர்மராஜ் வரப்பு வரப்பாக நடந்தார். ஒவ்வொரு புதரையும் கம்பால் விலக்கிப் பார்த்தார், சத்தம் கொடுத்தார், ஆள் இல்லை என்று தெரிந்த இடத்தையும் இன்னொரு தடவை போய்ப் பார்த்தார். பிறகு பம்புசெட் சுவருக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து கை காட்டினார்.

அன்று ஒரு பன்றி விழுந்தது. வெடிச்சத்தம் கேட்டதும் அவர் எழுந்து, விழுந்தது பன்றிதானா என்று பார்க்க ஓடினார்.