பொம்மைகள் மாடியேறின

மாதேவி டீச்சர் தினமும் காலையில் ஒரு புண்ணியம் சம்பாதித்துவிட்டுத்தான் பாடம் தொடங்குவாள். போலியோவில் கால்கள் சூம்பி, இரும்புப் பட்டை மாட்டிச் சமதரையில் மட்டும் நடக்கிற அனுப்ரியாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு மாடியிலிருந்த ஐந்தாம் வகுப்புக்கு ஏறுவாள். பார்க்கிறவர்கள் 'பெத்த தாய் மாதிரி' என்பார்கள். அதைக் கேட்டுவிட்டால் மாதேவிக்கு மூச்சு வாங்குவதுகூடத் தெரியாது.

அந்தப் பெண்ணிடம் ஒரே ஒரு குறை. பள்ளிக்கூடத்தில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காது. கேட்டால், "தாகமில்ல மிஸ்" என்று சிரித்து மழுப்பிவிடும். கடைசியில் நீர்க்கடுப்பு, காய்ச்சல் என்று படுத்தேவிட்டது. அப்பா அய்யாசாமி சித்தாள் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நின்றார்.

"தண்ணியே குடிக்கறதில்லைன்னு டாக்டர் திட்றாருங்க டீச்சர். தசரா லீவோட நிப்பாட்டிக்கறோம். ஊட்டுலயே இருக்கட்டும்."

"நல்லா படிக்கிற பொண்ணுங்க அது! நான்தான் தூக்கிட்டுப் போறேனே?" மாதேவிக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த வாரம் பார்த்துதான், ஊனமுற்ற பிள்ளைகளை எப்படி நடத்துவது என்று ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர, கைத்தடி ஊன்றிக்கொண்டு சேகரன் என்பவர் வந்தார். புதுச் சட்டம் வந்திருக்கிறதாம். 'சுமக்கிறவளுக்கே பாடமா?' என்று மாதேவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

சேகரன் பிரசங்கம் ஏதும் செய்யவில்லை. ஐந்தாம் வகுப்பு அறையில் எல்லோரையும் உட்கார்த்தி, பாதிப் பேருடைய முழங்காலில் அடிஸ்கேலை வைத்து இறுக்கிக் கட்டச் சொன்னார். "மதியம்வரை அவிழ்க்கக் கூடாது. எங்க போகணும்னாலும் உங்க ஜோடியைக் கேளுங்க, தூக்கிட்டுப் போவாங்க."

மாதேவிக்கு வாய்த்த ஜோடி டிரில் மாஸ்டர் சிவகுமார்!

காபி வந்தது. மைசூர்க்காரி காபியை வேண்டாமென்பாளா? இரண்டு டம்ளர் குடித்தாள். கொஞ்ச நேரத்தில் அடிவயிறு முட்டியது. கழிப்பறையோ கீழே, கொல்லைப்புறத்தில். சிவகுமார் தங்கமான மனுஷன்தான். ஆனால் அவரிடம் போய் எப்படிக் கேட்பது? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுபடியும் காபி வந்தது.

"வேண்டாங்க, தாகமில்ல."

சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று உறைத்தது. முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். தூக்கித் தூக்கி ஏற்றினாளே தவிர, ஒருநாளாவது 'இறங்கணுமா?' என்று கேட்டிருப்பாளா?

கட்டை அவிழ்த்ததும் முதலில் கொல்லைப்புறம் ஓடினாள். அங்கிருந்து நேராகத் தலைமையாசிரியை கௌரம்மாவிடம் போனாள். கீழ்த்தளத்தில் நல்ல காற்றோட்டமான அறை ஒன்று வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடந்தது. அது தசரா கொலு பொம்மைகள் வைத்திருக்கும் அறை.

"ராஜா ராணி பொம்மைங்களை மாடிக்கு ஏத்தறதா? வழிவழியா வச்ச இடம்மா அது!" என்று கௌரம்மா பதறினார்.

"பொம்மைக்கு ஒண்ணுக்கு வராது மேடம்."

கௌரம்மாவும் காலையில் கட்டோடு உட்கார்ந்திருந்தவர்தான். சாவிக்கொத்தை எடுத்து நீட்டினார்.

பொம்மைகள் மாடியேறின. ஐந்தாம் வகுப்பு கீழே இறங்கியது. கழிப்பறை வாசற்படியை, மாதேவி சொல்லியனுப்பி வந்த அய்யாசாமியே இடித்துவிட்டுச் சரிவாகச் சிமென்ட் பூசினார்.

லீவு முடிந்து வந்த அனுப்ரியாவைப் பார்த்ததும் மாதேவியின் கைகள் பழக்கதோஷத்தில் நீண்டன.

"நானே வரேன் மிஸ்."

காலில் மாட்டிய இரும்புப் பட்டை டக் டக்கென்று ஒலிக்க, அவள் நேரே மண்பானையிடம் போனாள். ஒரு டம்ளர் மொண்டு அண்ணாந்து குடித்து முடித்தாள்.

"இன்னொன்னு குடிக்கட்டுமா மிஸ்?"